நூற்றுக்கு எண்பது

அன்புக் கண்ணுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "நூத்துக்கு எம்பது அவன்தான்னு தோணுதுங்கப்பா. அது போதுமுங்களா?" நான் அதற்குப் பதில் சொல்லாமல், மருமகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டேன். விட்டுவிட்டது என்றாய். ஓசூரில் மழை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாய். அதோடு இருவரும் போனை வைத்துவிட்டோம். வகுப்பில் யார் என்ன கேட்டாலும், தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்று அங்கேயே சொல்லிவிடுகிற வாத்தியார் நான். உன் கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை. அது போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் இப்போது பேச ஆள் இல்லை. எழுத உட்கார்ந்தால் எழுத்து தானாக நீண்டுவிடுகிறது, பொறுத்துக்கொள். உன் வயதுப் பிள்ளைகள் வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்குச் சம்மதமே.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். உங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரைக் குத்திவிட்டு ஒருவன் ஓடினான். வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்த நீ, அவன் உன்னைக் கடந்து ஓடியதைப் பார்த்தாய். கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். இப்போது ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். வருகிற வாரம் சிறையில் அடையாள அணிவகுப்பு. வரிசையில் நிற்கிறவர்களில் யார் என்று நீ கைகாட்ட வேண்டும். அதற்கு முன்பே ஒரு போலீஸ்காரர் உன் ஆபீஸுக்கு வந்து, தன் செல்போனில் அவன் போட்டோவைக் காட்டி, இவன்தானே என்று கேட்டிருக்கிறார். உன் நண்பர்கள் எல்லாரும், இந்த மாதிரி ஆட்களை விசாரணையே இல்லாமல் தூக்கில் போடவேண்டும், நீ தயங்கினால் தப்பித்துவிடுவான் என்கிறார்கள். உனக்கு எண்பது நிச்சயம். இருபது சந்தேகம்.

முதலில் அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் பியூரெட் பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்து, குடுவையில் நிறம் மாறுகிற அந்த நொடியில் நிறுத்தி அளவு குறிக்க வேண்டும். முதல் பேட்ச் வெளியே வரும்போதே அடுத்த பேட்ச்சின் காதில் தங்கள் அளவை ஓதிவிடுவார்கள். ஒரு வருடம் நான் இரண்டு பேட்ச்சுக்கும் நடுவில் சத்தமில்லாமல் கரைசலை மாற்றி வைத்தேன். இரண்டாவது பேட்ச்சில் பாதிப் பேர் முதல் பேட்ச்சின் அளவையே எழுதியிருந்தார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, "சார், எனக்கு அங்கதான் சார் கலர் மாறுச்சு" என்று கண்கலங்கிச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. எந்த இடத்தில் மாற வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டதால், மாறுவதற்கு முன்பே அவள் கண்ணுக்கு மாறிவிட்டது. உன் எண்பதில் எத்தனை நீ வண்டியில் வரும்போது பார்த்தது, எத்தனை அந்தச் செல்போனில் பார்த்தது என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. உன் அம்மாவாலும் முடியவில்லை. உனக்கு நாங்கள் முழுதாகச் சொல்லாத கதை அது.

நீ கோவையில் கல்லூரி விடுதியில் இருந்த காலம். எதிர்வீட்டுச் சரோஜாவையும் அவள் மகள் மதுவையும் உனக்குத் தெரியும். மது அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக நம் வீட்டுக்கு வருவாள். உன் அம்மா தட்டில் போட்டு வைத்திருப்பதைத் தின்றுவிட்டு, வாய்ப்பாடு சொல்லிவிட்டுத்தான் போவாள். எட்டாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஓரிடத்தில் தடுக்குவாள். உன் அம்மா வேண்டுமென்றே தானும் அங்கேயே தடுக்குவாள். சரோஜாவின் கணவர் செந்தில் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். வேலை அதிகமானால் வீடு திரும்ப நேரமாகும். அப்படி ஒரு மாலையில், செந்தில் வருவதற்கு முன், யாரோ வீட்டுக்குள் புகுந்து நகைக்காகச் சரோஜாவைக் கொன்றான். பார்த்துவிட்ட குழந்தையையும் விடவில்லை. அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அந்த நேரத்தில் உன் அம்மா மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டின் பக்கச் சந்திலிருந்து ஒருவன் வெளியே வந்து பல்லடம் ரோட்டுப் பக்கம் வேகமாக ஓடினான். மஞ்சள் பனியன். முதுகில் பெரிய நீலநிற எண், அதன்மேல் நமக்குப் படிக்கத் தெரியாத ஏதோ வெளிநாட்டு எழுத்து. திரும்பிப் பார்த்தானா என்று கேட்டால், பார்த்தான் என்றுதான் அம்மா எப்போதும் சொன்னாள். போலீஸுக்கும் அதையே சொன்னாள். அவர்கள் அந்தப் பனியனைத் தேடினார்கள். நான்காம் நாள், ஒரு டீக்கடை வாசலில் அதே பனியனோடு நின்றவனைப் பிடித்தார்கள். அவன் பெயர் அருள்ராஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிற வேலையில் இருந்தவன். பிடித்த கையோடு ஜீப்பில் உட்காரவைத்து நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். "நல்லாப் பாருங்கம்மா, இவன்தானுங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். அம்மா ஜீப்புக்குள் குனிந்து பார்த்தாள். அந்த மஞ்சளையும் நீல எண்ணையும் பார்த்தாள். "இவனேதானுங்க. எங்கண்ணாலே பார்த்தனுங்க" என்றாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

அதற்குப்பின் சிறையில் அணிவகுப்பு நடந்தது. வரிசையில் நின்றவர்களில் அவள் அருள்ராஜைக் காட்டினாள். கோர்ட்டிலும் கூண்டைப் பார்த்துக் கைநீட்டினாள். அவனுடைய வக்கீல் அரசாங்கம் ஏற்பாடு செய்து கொடுத்தவர். அவர் அதிகம் கேட்கவில்லை. பனியனைப் பற்றிக் கேட்டார்தான். அது அவன் வேலை செய்த கம்பெனியில் தைத்த பனியன். ஆர்டர் கேன்சலானதும் மிஞ்சிய பீஸ்களையெல்லாம் வெட்டி அழித்துவிட்டோம், இவன் ஒன்றைத் திருடியிருக்க வேண்டும் என்று கம்பெனி மேனேஜர் வந்து சாட்சி சொன்னார். அதனால் இந்த ஊரிலேயே அந்தப் பனியன் ஒன்றே ஒன்றுதான் என்று ஆயிற்று. உடுத்தியிருந்தவனும் ஒருவன்தான் என்று ஆயிற்று. தாயையும் குழந்தையையும் கொன்றவனுக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அன்றைக்கு நம் வீதியில் பட்டாசு வெடித்தார்கள். ஸ்வீட் பெட்டி ஒன்று நம் வீட்டுக்கும் வந்தது. உன் அம்மா அதைப் பிரிக்காமல் கொண்டுபோய் மதுவின் போட்டோ முன்னால் வைத்துவிட்டு வந்தாள். செந்தில் நம் வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நீங்க இல்லாட்டி அவன் தப்பிச்சிருப்பானுங்க்கா" என்றார்.

இதுவரை உனக்கும் தெரியும். இதற்குப்பின் நடந்ததைத்தான் நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. உன் பரீட்சை நேரம், பிறகு வேலை தேடிய நேரம் என்று தள்ளிக்கொண்டே போனோம்.

தீர்ப்பு வந்து சில வாரங்கள் இருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். நான் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்த அம்மாவின் கையிலிருந்து பாத்திரம் விழுந்தது. நான் ஓடினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, அவன் வந்துட்டானுங்க" என்றாள். நான் வெளியே பார்த்தேன். நம் கேட்டுக்கு உட்பக்கம் ஒரு ஆள், முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு கேட்டைத் தாழ்போட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் பனியன். முதுகில் நீல எண். தலையில் தூறலுக்கு ஒரு துண்டு. எனக்கும் ஒரு கணம் அவன்தான் என்று தோன்றியது, மறைப்பானேன். பிறகு அந்த ஆள் திரும்பியது. அது ஒரு பெண். சேலைக்கு மேலே அந்தப் பனியனைப் போட்டிருந்தாள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டையோ பனியனோ மாட்டிக்கொள்வது நம் ஊரில் புதிதா? தினமும் ஷிப்டு விடும் நேரத்தில் ரோடு நிறையப் பார்க்கிறோமே, அப்படித்தான்.

அருள்ராஜின் அக்கா அவள். ஞானம் என்று பெயர் சொன்னாள். வேலை விட்டு நேராக வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, படியிலேயே நின்றாள். தன் தம்பியை விட்டுவிடச் சொல்லிக் கேட்க வரவில்லை என்றாள். தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். உன் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "இது உனக்கு ஏது?" என்று கேட்டாள்.

ஞானம் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். "இதுவாம்மா? ஆர்டர் கேன்சலாச்சுல்லா, தீவாளிக்கு எங்க யூனிட்ல எல்லாத்துக்கும் குடுத்தாவ. ஆளுக்கு ரெண்டு. அருளுக்கும் ரெண்டு குடுத்தாவ. வக்கீல்ட்ட சொன்னேன். கம்பெனி ஆளு வந்து சொன்னாத்தான் செல்லும்னுட்டாரு. கம்பெனியில யாரு வந்து சொல்லுவா? வேல போயிரும்லா. எனக்கு அங்க வேல போயிட்டு, இப்ப வேற கம்பெனி. அதான் பயப்படாம போடுதேன்."

கம்பெனி ஏன் அப்படிச் சொன்னது என்று பிறகு எங்களுக்குப் புரிந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆர்டரைக் கேன்சல் செய்தால், அவன் பெயர் போட்ட துணி வெளியே ஒன்றுகூடப் போகக்கூடாது. வெட்டி அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, வேலைக்காரர்களுக்குக் கொடுப்பதும், மொத்தமாக விற்பதும் இங்கே நடக்கிற காரியம்தான். உண்மையைக் கோர்ட்டில் சொன்னால் அடுத்த ஆர்டர் போய்விடும். மேனேஜர் யாரையும் தூக்கில் போடவேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். பையருக்குச் சொன்னதையே கோர்ட்டுக்கும் சொன்னார், அவ்வளவுதான். இதில் எனக்குத் தாங்க முடியாதது வேறு ஒன்று. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு இது தெரியாதா? நம் வீட்டில் நீ போட்டு வளர்ந்த பனியன்களில் எத்தனை அப்படி வந்தவை. நம் வீட்டில் தரை துடைக்கிற துணிகூட ஏதோ ஒரு தேசத்துக் குழந்தைக்குத் தைத்த சட்டைதான். ஒரு டிசைனில் ஒரு பனியன் இருந்தால் அதே டிசைனில் ஆயிரம் இருக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே அது யார் வாயிலும் வரவில்லை. மது போன துக்கத்தில் அது எங்கள் இருவர் நினைவிலும் எழவில்லை.

ஞானம் போனபின் அம்மா விளக்குப் போடக்கூட எழவில்லை. பிறகு, "ஏனுங்க" என்றாள். "அன்னிக்கு மாடியில இருந்து நான் பார்த்தது பனியனைத்தானுங்க. மூஞ்சிய நான் ஜீப்புலதான் பார்த்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். எத்தனையோ மாதங்கள் அவள் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த இரண்டு காட்சிகளை அவளே பிரித்து எடுத்துவிட்டாள். சிறையில் கைகாட்டியதும், கோர்ட்டில் கைகாட்டியதும் ஜீப்பில் பார்த்த முகத்தைத்தான். சந்திலிருந்து ஓடியவனுக்கு அவளிடம் முகமே இல்லை. ஆனால் அவள் கோர்ட்டில் நின்றபோது பொய் சொல்லவில்லை கண்ணு, அதை நீ நம்ப வேண்டும். அந்தக் குழந்தைக்காக அவள் நூற்றுக்கு நூறு நிச்சயமாக இருந்தாள். உன்னைவிட இருபது அதிகம்.

மறுநாள் அம்மா முதலில் போனது வக்கீலிடம் இல்லை. செந்திலிடம். வேறு யார் மூலமோ அவருக்குத் தெரியக்கூடாது, நானே சொல்ல வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். செந்தில் எங்களை உட்காரச் சொல்லி, காபி போட உள்ளே போகப் பார்த்தார். அம்மா அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரொம்ப நிதானமாக, மரியாதை குறையாமலேயே கேட்டார்: "அப்ப என்ற புள்ளையக் கொன்னது யாருங்க்கா?"

அதற்குப் பதில் இன்றுவரை யாரிடமும் இல்லை. "தெரியலீங்க தம்பி" என்றாள் அம்மா. "நான் உங்ககிட்ட இருந்து ஒரு ஆளைப் பறிச்சுட்டுப் போறேன்னு தெரியுதுங்க. ஆனா இல்லாத ஆளை எப்படிங்க நான் குடுக்கறது?" செந்தில் எழுந்து போய்க் கதவருகே நின்றார். போங்கள் என்று வாயால் சொல்லவில்லை. நாங்கள் வந்துவிட்டோம்.

மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றம் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நிறைவேற்ற முடியும். அப்பீலை எடுத்து நடத்திய பெண் வக்கீல் சின்ன வயது. அம்மா சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, முன்பு சத்தியம் செய்து சொன்னதை இப்போது மாற்றினால் உங்கள்மேலேயே வழக்கு வரலாம் என்று எச்சரித்தார். "வரட்டுமுங்க" என்றாள் அம்மா. அவள் சொன்னது மட்டும் போதவும் இல்லை. அந்த யூனிட்டில் வேலை செய்து ஊருக்குத் திரும்பிவிட்ட சிலரை ஞானம்தான் தேடிப் போனாள். ஒருவனுடைய பழைய செல்போனில் ஒரு போட்டோ இருந்தது. யூனிட் ஆட்கள் எல்லாரும் வேன் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போனபோது எடுத்தது. வேன் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், எல்லார் மேலும் மஞ்சள் பனியன். அதை அம்மா என்னிடம் காட்டியபோது, "இதுல யாருங்க ஓடுனது?" என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அருள்ராஜ் விடுதலையானான். ஆனால் நம் வீதியில் யாரும் அதை விடுதலை என்று சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு அம்மா மாற்றிச் சொல்லிவிட்டாள் என்றார்கள். கோலம் போடும் நேரத்தில் பக்கத்து வீட்டில் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். விசேஷங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. உன் கல்யாணத்துக்கு நம் வீதியிலிருந்து ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டாய். முகூர்த்த நாள், எல்லாருக்கும் நாலு கல்யாணம் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். காரணம் இதுதான். அம்மா வருத்தப்பட்டாளா என்றால் பட்டாள். மதுவோடு வாய்ப்பாடு சொன்ன நேரம் வந்தால் வீட்டில் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஆனால் ஒரு தடவைகூட, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அவள் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை இப்படிச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு நம்ம கேட்டைத் திறந்தப்ப அவன் உசுரோட இருந்தானுங்க. கொஞ்சம் பிந்தி வந்திருந்தா நான் யாருகிட்டப் போய் என்னத்தைச் சொல்றது?"

தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று உன் நண்பர்களோடு நீ வாதம் செய்ய வேண்டியதில்லை. எனக்கும் பெரிய வாதங்கள் தெரியாது. வாத்தியாராக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எத்தனை விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் கூட்டலில் பிழை வரும், ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவோம். பிள்ளைகள் மறுகூட்டல் கேட்பார்கள், மறுமதிப்பீடு கேட்பார்கள். தேறாதவன் என்று வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைத் திரும்ப அழைத்து உட்காரவைத்திருக்கிறோம். விடைத்தாள் இருந்ததால்தான் அது முடிந்தது. திருத்திய அன்றே தாளைக் கொளுத்திவிட வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால், அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாளும் வேலை செய்திருக்க மாட்டேன். திருத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்பதனால் இல்லை. அவர்கள் என்னைப் போன்றவர்கள், உன் அம்மாவைப் போன்றவர்கள் என்பதனால்.

போன வருடம் அம்மா போனபோது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அஸ்தி கரைக்கப் பவானி கூடுதுறைக்குப் போயிருந்தாய். அப்போது ஞானமும் அருள்ராஜும் வந்தார்கள். செய்தி தெரிந்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். விடுதலையான பிறகு அவனை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலை பாதி நரைத்திருந்தது. உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவன். ஞானம் உள்ளே வந்து அம்மாவின் படத்தின் முன் உட்கார்ந்து அழுதாள். அவன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். நான் போய்க் கூப்பிட்டேன். "இருக்கட்டும்ய்யா, இங்கனயே நிக்கேன்" என்றான். மூடிய இடத்துக்குள் போனால் மூச்சு முட்டுகிறது என்று ஞானம் பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. செந்தில் வெளியே வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செந்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அருள்ராஜ் என்னைப் பார்த்து, "அவுக பாவம்ய்யா" என்றான்.

செந்தில் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்க அவரும் வருவார், நானும் போவேன். இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், நடுவில் ஒரு சின்னத் தார் ரோடு. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வீட்டில் பாட்டுச் சத்தமோ டிவி சத்தமோ கேட்டதில்லை. என் வீட்டிலும் இப்போது அப்படித்தான். சில நாள் அவருடைய பாக்கெட் வெயில் ஏறும்வரை வெளியிலேயே கிடக்கும். உடம்பு சரியில்லையோ என்று நினைப்பேன். போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த முகத்தோடு தட்டுவது என்று திரும்பிவிடுவேன். தவறான ஒருவனைத் தண்டித்தால், நிஜமாகச் செய்தவன் எங்கோ நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான் என்பதை உன் நண்பர்களிடம் வேண்டுமானால் சொல். செந்திலுக்கு நியாயம் கிடைக்கவில்லை. முதலில் கிடைத்தது போலிருந்ததும் நியாயம் இல்லை.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இது. எண்பது போதாது. ஆனால் எண்பதை எண்பது என்றே சொல்லலாம், அதற்கு யாரும் உன்னைத் தண்டிக்க முடியாது. நீ பார்த்த உயரத்தைச் சொல், ஓடிய விதத்தைச் சொல், எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று சொல். முகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். செல்போனில் போட்டோ காட்டினார்கள் என்பதை அந்த மாஜிஸ்திரேட்டிடம் அவர் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் உன்னைக் கோபமாகப் பார்க்கலாம். உன் தெருவில் சிலர் பேசாமல் போகலாம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது லேசாக இருக்கும் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். தாங்க முடியாமல் போனால் எந்த நேரமும் எனக்குப் போன் செய். நான் தூங்குவது குறைவு.

சிறைக்குப் போகும் நாளுக்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்து பார். உங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் தினமும் உனக்குக் கேட் திறந்துவிடுகிற வாட்ச்மேன் இருப்பார். வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, அவருக்கு மீசை உண்டா, எந்தப் பக்கம் வகிடு, காது எப்படி இருக்கும் என்று மருமகளிடம் வாய்விட்டுச் சொல். பிறகு கீழே இறங்கிப் போய் அவர் முகத்தைப் பார்.

அன்புடன்,
அப்பா